பிளாப்பிக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. ஒரு சாமானைக் காட்டி, கிட்டத்தட்ட ஓடுகிறது என்று நான் சொல்வேன். அவள் அகராதியில் கிட்டத்தட்ட என்கிற வார்த்தையே கிடையாது. ஓடினால் வீட்டில் இருக்கலாம், ஓடாவிட்டால் பாய் கடைக்குப் போக வேண்டியதுதான்.

பாய் கடை என்பது கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கும் தொழிற்பேட்டைக்கும் நடுவில் இருந்த பழைய இரும்புக் கடை. கடைக்காரர் பழவேற்காட்டுக்காரர். அவர் அப்பா காலத்தில் இறால் வியாபாரம். இவர் அதை விட்டுவிட்டு இரும்புக்கு வந்தவர். மூடிப் போன கம்பெனிகளின் மேஜை, மோட்டார், ஃபேன், பீரோ எல்லாம் கடைசியில் அவர் கடை வாசலில்தான் வந்து விழும். நான் அந்தப் பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் எலக்ட்ரீஷியன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஏழெட்டு வருடங்கள், காலை ஷிப்ட் முடிந்து ரயிலுக்குப் போகும் போதெல்லாம் அந்த வாசலைத் தாண்டித்தான் போவேன். தாண்டிப் போவேன் என்று சும்மா சொல்கிறேன். தாண்டியதே இல்லை.

எனக்குக் கெட்ட பழக்கம் என்று வேறு எதுவும் கிடையாது. பீடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. துரு ஏறிய எதையாவது பார்த்தால் கை பரபரக்கும், அது ஒன்றுதான். ஒருநாள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். பீடியே பரவாயில்லை, பற்றவைத்தால் தீர்ந்து போகும், இடத்தை அடைத்துக்கொண்டு நிற்காது என்றாள் என் மனைவி.

இடம்தான் பிரச்சினை. பொன்னேரியில் நாங்கள் கட்டிய வீட்டில், தெருவைப் பார்த்து ஷட்டர் போட்ட ஓர் அறை உண்டு. அது அவளுக்காகக் கட்டியது. அவள் ஜாக்கெட் தைப்பாள், நன்றாகத் தைப்பாள். இரண்டு தெரு தள்ளியிருந்துகூட அவளைத் தேடி வருவார்கள். ஆனால் அவளுடைய தையல் மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த சந்தில் நின்றது. அளவு கொடுக்க வருகிற பெண்கள் ஹாலைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, இன்றைக்கு என்ன குழம்பு என்று பார்த்துக்கொண்டே போவார்கள். ஷட்டர் அறையில் என் சாமான்கள் இருந்தன. ஒரு மாதம் மட்டும் என்று சொல்லித்தான் வைத்தேன். அது எந்த மாதம் என்று நான் சொல்லவில்லை.

"இன்னாங்க இது, ஊடா, இல்ல பாய் கடையோட கிளையா?" என்று அவள் கேட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் ஸ்கூட்டர் வந்து இறங்கியது.

அது இருபத்தைந்து வருடப் பழைய ஸ்கூட்டர். பாய் கடையில் அதன் மேல் ஒரு வாழைத்தார் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியைக் கழற்றிப் பூட்டியதில் எனக்கு ஒரு கூட்டாளி. எங்கள் ஆலையில் ஃபிட்டர், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் எளாவூர்க்காரர். என்னை மட்டுமல்ல, மேனேஜரையும் காக்கையையும்கூட நைனா என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் இருவரும் சேர்ந்து நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத் தின்னக் கொடுத்தோம். முடிவில் அது கிளம்பியது. இடது பக்கம் நன்றாகச் சாய்த்து, மூச்சு விடும் நேரம் அப்படியே பிடித்து, நிமிர்த்தி உதைத்தால் கிளம்பும். ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். அதைச் சரி செய்ய எங்களால் முடியவில்லை என்று நாங்கள் காட்டிக்கொள்ளவில்லை. திருப்பத்தில் ஹாரன் அடிப்பது சட்டம்தானே என்று விட்டுவிட்டோம்.

அந்த ஸ்கூட்டரில் கவரப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். என் மனைவி பட்டுப்புடவையில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் பக்கவாட்டு மூடி, அந்தப் பெரிய உப்பலான தகடு, கழன்று ரோட்டில் உருண்டது. தாழ்ப்பாள் உடைந்துவிட்டது, மறுபடி மாட்ட முடியவில்லை. ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மண்டபத்து வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அவள் கையிலிருந்ததை மரியாதையாக வாங்கிக்கொண்டு போய் மேடைக்குப் பக்கத்தில் சீர்வரிசைத் தட்டுகளோடு வைத்துவிட்டார். தாலி கட்டி முடியும்வரை யாரும் அங்கே போக முடியாது. இன்றைக்கும் அந்தக் கல்யாண வீடியோவில், ஆப்பிளுக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே எங்கள் ஸ்கூட்டரின் விலா எலும்பு துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் போய் அதைத் தூக்கியபோது, பெண் வீட்டார் என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவே இல்லை. எனக்கு வருத்தம்தான். ஆனால் திருந்தவில்லை. அடுத்த வருடமே கம்ப்யூட்டரை வாங்கினேன்.

ஒரு மூடிய ஆலையின் ஆபீஸ் சாமான்களோடு அது பாய் கடைக்கு வந்திருந்தது. எண்பதுகளில் செய்தது. பச்சை எழுத்து வரும் திரை, அரிசி மூட்டை கனத்தில் ஒரு பெட்டி, அதன் முகத்தில் பிளாப்பி போடுவதற்கு இரண்டு வாய். உள்ளே ஹார்ட் டிஸ்க் என்று எதுவும் கிடையாது. பிளாப்பியைப் போட்டால்தான் அதற்கு உயிர் வரும். இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமானால், ஐந்தேகால் அங்குல அகலத்துக்குச் சதுரமாக, மெல்லிய கறுப்பு உறை. உள்ளே வட்டமாக ஒரு தகடு. நடுவில் ஒரு ஓட்டை, கீழே நீளவாக்கில் ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத்தான் கம்ப்யூட்டர் தகட்டைத் தடவிப் படிக்கும். அந்த இடத்தில் விரல் பட்டால்கூடப் படிக்காது. ஃபிட்டர் அதற்குக் கறுப்பு அப்பளம் என்று பெயர் வைத்தார்.

பெட்டியையும் திரையையும் ரயிலில்தான் கொண்டுவந்தேன். கூடைக்காரர்கள் ஏறுகிற வெண்டர் பெட்டியில் ஏற்றினேன். அங்கே கருவாட்டுக் கூடைக்காரம்மா ஒருவர், இன்னா சாமி டீவியா, செத்தப் பிடி என்று சொல்லி, கூடையைத் திரையின் தலையில் இறக்கி வைத்துவிட்டார். பொன்னேரி வரைக்கும் எடுக்கவில்லை. திரையின் தலையில் காற்று போவதற்கு வரிசையாகத் துளைகள் உண்டு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தத் திரை எப்போது சூடானாலும் அறை முழுக்கக் கருவாட்டு வாசனை வரும். ஸ்விட்சைப் போட்ட ஐந்தாவது நிமிடம், தெருவில் இருக்கிற பூனைகள் ஷட்டருக்குக் கீழே மூக்கை நீட்டிக்கொண்டு வரிசையாக உட்காரும். கம்ப்யூட்டர் சூடாகிவிட்டது என்று எனக்கு அறிவித்ததே அவைதான்.

பிளாப்பிகளைக் கேட்டபோது பாய் கொஞ்சம் கூச்சப்பட்டார். அவை ஒரு கட்டு நிறைய வந்திருந்தன. பாதியைக் கடையில் விசிறியாக வைத்துக்கொண்டிருந்தார்கள். மீதியின் மேல் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து ஒன்று ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். விசிறியாக இருந்தவை உட்பட, ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் டீ வட்டம். எதற்கும் கம்ப்யூட்டர் அசையவில்லை. ஃபிட்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"சாச்சிப் பாரு நைனா" என்றார்.

இது ஸ்கூட்டர் இல்லை, இதில் பெட்ரோல் இல்லை என்று நான் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவர் காதில் வாங்காமல், பெட்டியை இடது பக்கம் நன்றாகச் சாய்த்து, மூச்சு விடும் நேரம் அப்படியே பிடித்து, நிமிர்த்தினார். நான் ஸ்விட்சைப் போட்டேன். கரகரவென்று ஒரு சத்தம். திரையில் பச்சையாக எழுத்து வந்தது. உள்ளே ஏதோ ஒரு அட்டை லூசாக இருந்து, சாய்த்ததில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் விளக்கம் சொன்னேன். எந்த மெஷினிலும் சரக்கு ஒரு பக்கமாகத்தான் தேங்கி நிற்கும் என்று அவர் விளக்கம் சொன்னார். அன்று உள்ளே இருந்த பிளாப்பி, டீ படாமல் தப்பித்த ஒரே பிளாப்பி.

ஓடிப் போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பூட் ஆகிவிட்டது, பூட் ஆகிவிட்டது என்று கத்தியிருக்கிறேன். அவள் ஷட்டரைப் பார்த்தாள். பூட்டு போட்டாகிவிட்டதென்றால் சாவியைக் கொடுங்கள், நான் மெஷினை உள்ளே கொண்டுவருகிறேன் என்றாள். நான் திரையைக் காட்டினேன். அதில் ஒரே ஒரு எழுத்தும், பக்கத்தில் கண் சிமிட்டுகிற ஒரு கோடும் இருந்தன. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது இன்னா பண்ணும்?" என்று கேட்டாள்.

என்ன பண்ணும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. ஓட வைக்க வேண்டும் என்று மட்டும்தான் யோசித்திருந்தேன்.

அவள் அங்கேயே நின்று தீர்ப்புச் சொன்னாள். ஆயுத பூஜை வரைக்கும் கெடு. பூஜை முடிந்த மறுநாள், விஜயதசமி காலையில், அது ஓட வேண்டும். ஓடுவது என்றால் பச்சையாகக் கண் சிமிட்டுவது இல்லை, உருப்படியாக ஒரு வேலை செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் பாய் வண்டி எடுத்துக்கொண்டு வந்து, கம்ப்யூட்டர், ஸ்கூட்டர், பெட்டி பெட்டியாக இருக்கிற நட்டு போல்ட்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவார். அறை அவளுக்கு. நான் சரி என்றேன். அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரிந்ததால்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஒன்றரை மாதம் இருந்தது. அந்த ஒரே பிளாப்பியில் புரோகிராம் எழுதுவதற்கான வசதியும் இருந்தது. பழைய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு நானே எழுதினேன். ஜாக்கெட் அளவுகளைத் தட்டினால், எவ்வளவு துணி வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். முப்பது நாள் பாடுபட்டேன். ஆலையில் கம்பி சூடாக ஓடும்போதுகூட மார்புச் சுற்றளவு பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை வெளியில் சொல்ல முடியாது. முடிவில் அது வேலை செய்தது. எந்த அளவைக் கொடுத்தாலும் எண்பது சென்டிமீட்டர் அல்லது ஒரு மீட்டர் என்று சொல்லும். இது அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கம்ப்யூட்டர் சொல்வது வேறு இல்லையா?

இங்கே ஒரு பாவமன்னிப்பு. அந்தப் பிளாப்பிக்கு நான் நகல் எடுத்து வைக்கவில்லை. சென்னைக்குப் போய்ப் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற தெருவில் தேடியிருந்தால் நல்ல காலிப் பிளாப்பி கிடைத்திருக்கும். அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிவிட்டேன். ஆலையில் மெஷினுக்கு ஸ்பேர் வாங்கி வைக்கவில்லை என்று ஸ்டோர்காரரைக் கிழி கிழி என்று கிழிப்பவன் நான்தான்.

ஆயுத பூஜை அன்று காலையில் ஆலையில் பூஜை. கிரேனுக்கு மாலை, பேனல் போர்டுக்குப் பொட்டு, வாசலில் பூசணிக்காய். பொரி கடலைப் பொட்டலத்தோடு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். வீட்டில் வழக்கம்போல என் மனைவி கழுவித் துடைத்துக் கோலம் போட்டு, ஹாலில் ஒரு பலகையில் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தாள். தையல் மெஷின், கத்தரிக்கோல், இன்ச் டேப், அரிவாள்மணை, மிக்ஸி, என் டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. வாசலில் ஸ்கூட்டருக்கும் ஹெட்லைட்டில் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள்.

இது எனக்கே ஆச்சரியம். போன வருடம் வரைக்கும் என் டெஸ்டருக்கு மட்டும்தான் பொட்டு. ஷட்டர் அறைச் சாமான் எதற்கும் வைத்ததில்லை. சோறு போடுகிற சாமானுக்குத்தான் பூஜை, இடத்தை அடைக்கிற சாமானுக்கு இல்லை என்பாள்.

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். திரையின் நெற்றியில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். பெட்டிக்குச் சாமந்திச் சரம். இந்த ஒன்றரை மாதத்தில் நான் அவளுக்காகத்தான் ஏதோ செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போல. நன்றி சொல்லலாம் என்று ஹாலுக்குத் திரும்பி வந்தேன். அப்போதுதான் பலகையின் நடுவில், புத்தகங்களுக்கு மேல், என் பிளாப்பி இருப்பதைப் பார்த்தேன்.

மேலே போட்டிருந்த காகித உறையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்திருந்தாள். அந்த நீளமான ஜன்னலில், ஒரு ஓரம்கூட விடாமல், அளவெடுத்தது போலச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். நடு ஓட்டையில் ஒரு சாமந்திப் பூவைக் காம்போடு செருகியிருந்தாள்.

நான் பார்ப்பதைப் பார்த்து அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அதுக்குன்னே இடம் வுட்டு வெச்சிருக்கான் பாருங்க" என்றாள். "பின்னாடியும் அதே மாதிரி இருந்துச்சி. அங்கயும் வெச்சிட்டேன்."

என் கை தானாக நீண்டது. அவள் பட்டென்று தட்டிவிட்டாள். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி எடுத்த பிறகுதான் தொடலாம். கத்தரிக்கோலைத் தொட முடியாததால் அவளே பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தாள். எனக்கு மட்டும் விலக்குக் கேட்க முடியுமா? ஈரச் சந்தனத்தை உடனே துடைத்தால் ஒருவேளை பிழைக்கும். காய்ந்து ஒட்டிக்கொண்டால் போச்சு. சுண்டலைத் தின்றுகொண்டே, என் ஒன்றரை மாதம் மின்விசிறிக் காற்றில் மெல்ல மெல்லக் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேனை நிறுத்தினேன். புழுக்கமா இருக்குது என்று அவள் மறுபடி போட்டாள்.

விஜயதசமி காலையில் பாய் குட்டியானை வண்டியோடு வந்துவிட்டார். என் மனைவிதான் சொல்லி அனுப்பியிருந்தாள். ஃபிட்டரும் முதல் ரயிலுக்கே வந்துவிட்டார். பாய்க்கு இந்தக் காரியத்தில் இஷ்டமே இல்லை. வண்டியை விட்டு இறங்காமல், ஓடிடும் தம்பி, ஓடிடும் என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். தன் கடையிலிருந்து போனது மறுபடி தன் கடைக்கே வருவது அவருக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

கற்பூரம் காட்டியாயிற்று. நான் பூவை எடுத்தேன். அவள் பார்க்காத நேரத்தில் சந்தனத்தை வேட்டி நுனியால் துடைத்தேன். மேலே இருந்தது வந்தது. குங்குமம் உள்ளே போய்விட்டிருந்தது. பிளாப்பியைப் போட்டு வாயை மூடி, ஸ்விட்சைப் போட்டேன். கரகர. நின்றது. மறுபடி கரகர. உள்ளே யாரோ மணல் மேல் செருப்புத் தேய்ப்பது போல ஒரு சத்தம். பூனைகள் வந்து உட்கார்ந்தன. கருவாட்டு வாசனை வந்தது. எழுத்து மட்டும் வரவில்லை. ஃபிட்டர் சட்டையைச் சுருட்டிக்கொண்டு பெட்டியை இடது பக்கம் சாய்த்தார். பிறகு வலது பக்கம் சாய்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து அதைக் கிட்டத்தட்டத் தலைகீழாகவே பிடித்தோம். பிளாப்பி வாயிலிருந்து கொஞ்சம் குங்குமம் தரையில் உதிர்ந்தது. ஃபிட்டர் அந்தக் குங்குமத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

இதற்கு மேல் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீதான் கெடுத்தாய் என்றா? கல்யாணமாகிப் பதினோரு வருடம். என் சாமான்களை அவள் ஒரு பொருளாக மதித்து, குளித்து முழுகி, கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தது அந்த ஒரு முறைதான். என் கம்ப்யூட்டர் போனால் போகட்டும், அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்க எனக்கு மனசு வரவில்லை. பழசுதானே, ஆயுசு முடிந்துவிட்டது என்று சொன்னேன். பாயைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. அதை இருமலாக மாற்றினேன்.

பாய் தயங்கித் தயங்கி இறங்கி, பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

"பாய், கீழ வைங்க" என்றாள் என் மனைவி.

அவர் வைத்துவிட்டார். அவள் என்னைப் பார்த்து, "பொட்டு வெச்சதப் போயி யாராச்சும் எடைக்குப் போடுவாங்களா? ஊடு வெளங்குமா?" என்றாள்.

ஓடவில்லையே என்றேன். ஓடாவிட்டால் என்ன, சாமி கும்பிட்டாயிற்றே என்றாள். அப்படியானால் ஸ்கூட்டர்? அதற்கும் பொட்டு வைத்தாயிற்று. நட்டு போல்ட்டு? அவள் கொஞ்சம் யோசித்தாள். அதற்கு வைக்கவில்லை. பாய்க்கு அப்படியொரு நிம்மதி. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, நட்டு போல்ட்டு மூன்று பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, பொரி கடலைப் பொட்டலத்தோடு கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கே நானும் ஃபிட்டரும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து ஷட்டர் அறையில், ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோம். அவள் கேட்கவில்லை, நாங்களாகத்தான் செய்தோம். கம்ப்யூட்டரைச் சுவரோரமாக ஒரு மேஜைக்கு ஏற்றினோம். ஸ்கூட்டர் வெளியில் தார்ப்பாய்க்குக் கீழே போனது. ஷட்டரைத் தூக்கியதும் தெருவுக்குத் தையல் மெஷினும் தெரியும், கம்ப்யூட்டரும் தெரியும். பத்து நாளில், அங்கே கம்ப்யூட்டரில் அளவெடுத்து ஜாக்கெட் தைக்கிறார்கள் என்று பொன்னேரி முழுக்கப் பேச்சு. திருநின்றவூரிலிருந்து ஒரு அம்மா இரண்டு ரயில் மாறி வந்தார். திரைக்கு முன்னால் போய் நின்று, கைகளை இரண்டு பக்கமும் விரித்து, படம் பிடித்துக்கொள்ளட்டும் என்று அசையாமல் நின்றார். என் மனைவி அவரைத் திருத்தவில்லை. இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டாமல் அளவெடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து, அவள் கடைவீதிக்குப் போன நேரம் பார்த்து, நான் அந்தப் பிளாப்பியை வெளியே எடுத்தேன். உறையின் ஓரத்தைப் பிளேடால் வெட்டி, உள்ளிருந்த தகட்டை உருவி, அவளுடைய எவர்சில்வர் கிண்ணத்தில் ஷாம்பூ போட்டு, கிளட்ச் பிளேட்டைக் கழுவுவது போல் இல்லாமல் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல் கழுவினேன். தண்ணீர் மஞ்சளும் சிவப்புமாக மாறியது. தகட்டைக் கொடியில் இரண்டு கிளிப் போட்டுக் காயவைத்தேன். ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தபோது, நான் எதிர்பார்த்ததற்கு முன்பே அவள் வந்துவிட்டாள். இன்னா அது என்றாள். தூசி, கழுவினேன் என்றேன். அவள் கிண்ணத்திலிருந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதைக் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

காய்ந்த தகட்டை வேறொரு பிளாப்பியின் உறைக்குள் வைத்து, டிரைவின் உள்வாயைப் பஞ்சால் துடைத்துப் போட்டேன். படித்தது. என் ஜாக்கெட் புரோகிராம் அப்படியே இருந்தது. எண்பது சென்டிமீட்டர். அந்த ஞாயிற்றுக்கிழமையே சென்னைக்குப் போய்க் காலிப் பிளாப்பி வாங்கி நகல் எடுத்தேன். கிண்ணத்தில் குளித்தது தினசரிக்கு. நகலைக் காகித உறையில் போட்டு, பீரோவில் அவளுடைய பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முந்தின நாள், தினசரிப் பிளாப்பியை என் டிபன் பாக்ஸ் பையில் பதுக்கிவிடுவேன். அதன் இடத்தில், டீ வட்டம் போட்ட ஒரு செத்த பிளாப்பியை வைப்பேன். அவள் ஜன்னல் நிறையச் சந்தனம் வைப்பாள், ஓட்டையில் பூ செருகுவாள். அதுக்குன்னே இடம் வுட்டிருக்கான் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வாள். நானும் ஒவ்வொரு வருடமும் ஆமாம் என்பேன். எவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்றுகிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. ஃபிட்டரிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

நான்கு ஆயுத பூஜை போனது. ஒருநாள் தினசரிப் பிளாப்பி தேய்ந்துபோய்ப் படிக்காமல் நின்றுவிட்டது. நகலை எடுக்கப் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியில் கையை விட்டேன். காகித உறை, நான் வைத்த இடத்திலேயே இருந்தது. வெளிச்சத்தில் பார்த்தேன். உறையின் ஒரு மூலையில், பிளாப்பியின் ஜன்னலுக்கு எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, கடுகளவில் ஒரு குங்குமப் பொட்டு இருந்தது. அதன் கீழே இன்னொன்று, கொஞ்சம் மங்கலாக. அதற்கும் கீழே இரண்டு. வருடத்துக்கு ஒன்றாக, நான்கு.

வெளியில் ஷட்டர் அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பிளாப்பியை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, உறையை இருந்த இடத்திலேயே வைத்துப் பீரோவைச் சாத்தினேன். நானும் ஒன்றும் கேட்கவில்லை.